ரயில் இல்லாத ஸ்டேஷன்கள்: மூணாறு – டாப் ஸ்டேஷன் ரயில்பாதையைத் தேடிச் சென்ற அனுபவங்கள்

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

மூணாறுக்கு இரண்டு முறை சென்று வந்த பின்னரும் "டாப் ஸ்டேஷன்" என்ற பெயரில் உள்ள ஸ்டேஷன் எது என்று நான் யோசித்ததே இல்லை. ஜீப் ஓட்டுநர்கள் கூவி அழைப்பார்கள், நாமும் ஏறிப் போய்ப் பனிமூட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவோம், அவ்வளவுதான். மூன்றாம் முறை சென்றபோதுதான், நல்லதண்ணியில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில், பழைய தட்டச்சு இயந்திரங்களையும் தேயிலை உருட்டும் கருவிகளையும் பார்த்து முடித்த சலிப்பில் இருந்த என் கண்ணில் ஓர் இரும்புச் சக்கரம் பட்டது. வண்டிச் சக்கரமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தபோது, தண்டவாளத்தை விட்டு நழுவாமல் பிடித்துக்கொள்வதற்காக ரயில் சக்கரங்களின் உள்பக்கத்தில் எழும்பி நிற்கும் விளிம்பு அதில் இருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் சக்கரம் என்று அருகில் எழுதி வைத்திருந்தார்கள். மூணாறில் ரயில் ஓடியது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு தேடித் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன். கண்ணன் தேவன் மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது, விளைந்ததைக் கீழே இறக்குவதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. 1902-இல் மூணாறிலிருந்து மலையின் கிழக்கு விளிம்பு வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றை அமைத்தார்கள். அதன் அமைப்பு விசித்திரமானது: சிறிய சக்கரம் ஒன்று தண்டவாளத்தின் மேல் உருள, பெரிய சக்கரம் ஒன்று சாலையில் ஊன்றி வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும், அதை இழுத்துச் சென்றவை மாடுகள். ஆக, மாட்டு வண்டிக்கும் ரயிலுக்கும் பிறந்த பிள்ளை என்றே அதைச் சொல்லலாம். 1908-இல் இந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டு, இரண்டு அடி அகலத்தில் குறுகிய இருப்புப்பாதை போட்டுச் சிறிய நீராவி எஞ்சின்களை ஓட்டினார்கள். மாட்டுப்பட்டி, பாலாறு, குண்டளை வழியாகச் சென்ற அந்தப் பாதை முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன்.

அங்கே ரயில் முடிந்தது, தேயிலையின் பயணம் முடியவில்லை. ஐயாயிரம் அடிக்கு மேல் நிற்கும் அந்த விளிம்பிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழிறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. மேலே இருந்தது டாப் ஸ்டேஷன் என்பதால், கீழே இருந்ததைப் பாட்டம் ஸ்டேஷன் என்றார்கள். அங்கிருந்து போடிநாயக்கனூர் வரையிலான 15 கிலோமீட்டரையும் மாட்டு வண்டிகள் கடந்தன. மூணாறு இன்று கேரளத்தின் முகமாக விளம்பரப்படுத்தப்படுகிறது, ஆனால் அந்த ரயில் முதுகை மேற்கே காட்டிக்கொண்டு நம் போடியை நோக்கித்தான் ஓடியது. டாப் ஸ்டேஷன் இன்றும் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. வாகனத்தில் போக வேண்டுமானால் கேரளம் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

1924 ஜூலை மாதம் பெய்த பெருமழையில் பாதை முழுவதும் அழிந்தது. மலையாள ஆண்டு 1099-இல் வந்ததால், கேரளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்கிறார்கள். நீராவி ரயில் ஓடியது மொத்தம் 16 ஆண்டுகள்தான். மீண்டும் தண்டவாளம் போடவில்லை. அதே வெள்ளம் மாங்குளம் வழியாக ஆலுவாவுக்குச் சென்ற பழைய சாலையையும் உடைத்துவிட்டது. அதற்கு மாற்றாகப் புதிய ஆலுவா – மூணாறு சாலை 1931-இல் திறக்கப்பட்டது.

போடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணன் எழுதியதைப் படித்த பின்னர் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையையும் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. மதுரை – போடி மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகல) பாதை திறக்கப்பட்டது 1928-இல். அதாவது, மலைமேல் இருந்த ரயில் அழிந்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் கீழே எங்கள் ஊருக்கு ரயில் வந்தது. இரண்டும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

எங்கள் பாதைக்கும் நிம்மதியான வாழ்வு அமையவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்; போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், 1950-களில்தான் மீண்டும் போட்டார்கள். நான் கல்லூரிக்குச் சென்ற காலத்தில் அந்த ரயிலில்தான் மதுரைக்குப் போவேன். மொத்தமே 90 கிலோமீட்டர் தூரம், பேருந்தில் போனவர்கள் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது எஞ்சின் முனகுவது பெட்டிக்குள் கேட்கும். ஏலக்காய்க் கிடங்குகளில் காய் பொறுக்கும் வேலை முடிந்து ஏறும் பெண்களின் சேலைகளில் ஏலக்காய் வாசனை அப்படியே ஒட்டியிருக்கும். அவர்கள் தேனியில் இறங்கிய பின்னரும் அந்த இருக்கைகளில் சிறிது நேரம் அது தங்கியிருக்கும்.

அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியோடு ரயிலை நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் முடிந்துவிடும் என்று நம்பினோம். தேனி வரை ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் எங்கள் ஊர் ஸ்டேஷனும் ரயில் இல்லாத ஸ்டேஷன்தான். அந்த வகையில் டாப் ஸ்டேஷன்காரர்களின் நிலை எங்களுக்கு நன்றாகவே புரியும். ரயில் வந்த நாளன்று ஊரே திரண்டு நின்றது. என் அப்பா மட்டும் நடைமேடையின் கடைசி வரை நடந்துபோய், பழைய தண்டவாளத்துக்கும் புதியதற்கும் உள்ள அகல வித்தியாசத்தைத் தம் கைத்தடியால் தரையில் கோடு போட்டு என் மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

மூணாறில் பிறந்த ஓர் உறுப்பினர்:

ஒரு சிறு தகவலைச் சேர்க்கிறேன். மூணாறில் அலுமினியப் பாலம் என்று நாங்கள் சொல்லும் பாலம் அந்த ரயிலுக்காகக் கட்டியதுதான். பிற்காலத்தில் அதைச் சாலைப் பாலமாக மாற்றிக்கொண்டார்கள். தேயிலை நிறுவனத்தின் வட்டார அலுவலகம் இயங்கும் கட்டடம்தான் அன்றைய ரயில் நிலையம். நான் சிறுவயதில் அப்பாவோடு பலமுறை அதன் வாசலில் நின்றிருக்கிறேன், ஒருவரும் இதைச் சொன்னதில்லை. எங்கள் பாட்டியின் பெற்றோர், தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் போடியிலிருந்து மலையடிவாரக் குரங்கணி வழியாக நடந்தே மலையேறியவர்கள். தேயிலை கம்பிவடத்தில் இறங்கிய அதே சரிவில்தான் ஆட்கள் கால்நடையாக ஏறினார்கள். அந்த 1924 வெள்ளத்தின்போது மாட்டுப்பட்டிப் பக்கம் மண்ணும் மரமும் சரிந்து இரண்டு குன்றுகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி, பிறகு உடைத்துக்கொண்டு வந்து ஊரை அடித்துப் போனது என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மதுரை உறுப்பினரின் மறுமொழி:

இருவருக்கும் நன்றி. குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே சென்ட்ரல் ஸ்டேஷன் என்றும் ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. அங்கே கம்பிவடத் தூண்களின் அடித்தளம் எதையாவது யாரேனும் நேரில் பார்த்ததுண்டா? 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பின்னர், வனத்துறை அனுமதியின்றி அந்தப் பாதையில் போவது சரியல்ல என்பதால், அனுமதி வாங்கிக்கொண்டு வரும் தை மாதம் போகலாம் என்றிருக்கிறேன். போடித் தம்பி உடன் வருவதாக இருந்தால் சொல்லவும். அவருடைய அப்பாவையும் கொட்டகுடி வரையாவது அழைத்துச் செல்லலாம்.