இரும்பு பீரோவும் ஒரு மினிட்ஸ் புத்தகமும்

அப்பா மேஜராக ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் ரிட்டயர்ட் ஆபீசர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு (பெயர் வேண்டாமே) வெள்ளையடிக்கப் போனபோது பீரோவைத் திறந்தார்கள், உள்ளே 3 மினிட்ஸ் புத்தகங்கள் (கூட்டத்தில் பேசியதைக் குறித்து வைப்பது), கறுப்புத் தாள் ஆல்பம் ஒன்று. ஒரு புத்தகத்தை இராமபாணப் பூச்சி பாதி தின்றுவிட்டது. குண்டூசி துருப்பிடித்த இடங்களில் எல்லாம் காப்பி நிறத்தில் ஓட்டை. யாரோ நல்ல எண்ணத்தில் கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டியிருக்கிறார், அது பழுத்து அடியில் இருந்த எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வருகிறது. இதற்கு அந்தக் காலத்தில் ஏட்டுக்கட்டுக்குள் வசம்பு வைத்தவர்கள் எவ்வளவோ தேவலை!

ஆனால் என்னை உலுக்கியது ஆல்பம்தான். முதல் ஆண்டு விழா குரூப் போட்டோ, 22 பேர். பின்னால் ஒரு பெயர்கூட இல்லை. அப்பா 9 பேரைச் சொன்னார். சங்கத்தில் வயதில் மூத்த அங்கிள் ஒருவர், 88 வயது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு போட்டோவை மூக்குக்கு அருகே பிடித்துப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் தலை சாய்த்து நிற்பவரைக் காட்டி, “இவனுக்கு 71-ல குண்டு வெடிச்சு வலது காது போச்சு, அதான் எப்பவும் இப்படிச் சாய்ஞ்சு நிப்பான்” என்றார். பெயரையும் சொன்னார். இன்னும் 12 முகங்கள் பாக்கி. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குள் அவர் ஆஸ்பத்திரியில்.

* * *

மேடம், அங்கிள் நலமாகத் திரும்பட்டும். என் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி. மெசொப்பொட்டேமியாவுக்கு (இன்றைய இராக்) போன கொள்ளுத்தாத்தாவின் பட்டாளத்தைத் தேடிக்கொண்டு டெல்லியில் யுனைட்டட் சர்வீஸ் இன்ஸ்டிட்யூஷன் நூலகத்துக்குப் போனேன். 1870-ல் சிம்லாவில் மெக்ரிகர் என்ற கர்னல் தொடங்கிய ஆபீசர்கள் அமைப்பு அது. அவர் 1887-ல் இறந்ததும் மறு வருஷமே அவர் பெயரில் ஒரு மெடல், வேவு பார்த்து வழி கண்டறிந்து வருபவர்களுக்கு. 1890-ல் யங்ஹஸ்பெண்ட் என்ற ஆங்கிலேய ஆபீசருக்குக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் போனதும் அதைத் தூக்கிப் போடவில்லை, 1949-ல் பௌத்தத் துறவி வேஷத்தில் திபெத்துக்குள் போய்வந்த நம் ராணுவ ஆபீசர் சோராவர் சந்த் பக்ஷிக்கும் அதே மெடல்தான். சியாச்சின் பக்கம் ஏறிய நரேந்திர குமாருக்கும் கிடைத்தது.

தாத்தா பெயர் கிடைக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் இவ்வளவும் எப்படித் தப்பியது என்று யோசித்தேன். அந்த அமைப்பு பிரிவினையைப் பார்த்தது, சிம்லாவிலிருந்து டெல்லிக்கு மூட்டை கட்டியது. இருந்தும் நிற்பதற்குக் காரணம், ஆரம்ப காலத்திலிருந்தே ஜர்னல் அச்சடித்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பிரதி எரிந்தாலும் இன்னொன்று வேறு ஊரில் இருக்கும். நம் சங்கங்களில் எல்லாம் ஒரே புத்தகம், ஒரே பீரோ, சாவி செக்ரட்டரி இடுப்பில்!

* * *

சார் சொன்னது சரி, எங்கள் கடற்படைக்காரர்கள் சங்கத்தில் 1980-களில் ஒரு மலர் போட்டோம், ஆபீஸ் பிரதி வெள்ளத்தில் போனது, ஒரு உறுப்பினரின் மாமியார் வீட்டுப் பரணில் இன்னொன்று கிடைத்தது. மேடம், ஒரு விஷயம்: போட்டோவை லேமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள், நாங்கள் பண்ணிவிட்டு அனுபவிக்கிறோம். பின்பக்கம் பால்பென் வேண்டாம், மெத்தென்ற பென்சிலால் லேசாக எழுதுங்கள்.

* * *

முதல் பதிவு போட்டவள்தான். அங்கிள் வார்டுக்கு மாறிவிட்டார். நேற்று போனில் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினேன். இன்னும் 4 பேர் கிடைத்தார்கள். ஐந்தாவது ஆளைப் பார்த்ததும், “இவன் எனக்கு 200 ரூபாய் தரணும்” என்றார். பெயர் மட்டும் வரவில்லை.