ஓணம் பம்பர்: பங்கு போட்டு வாங்கினால் சீட்டு யார் பெயரில்?

நண்பர்களே, பாலக்காட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். கேரள அரசு லாட்டரியின் ஓணம் பம்பர் சீட்டு ஒன்று 500 ரூபாய். நாங்கள் பத்துப் பேர் ஆளுக்கு 500 போட்டுப் பத்துச் சீட்டு வாங்கலாம் என்று பேச்சு. வாய்ப்பு பத்து மடங்கு, விழுந்தால் பங்கு பத்தில் ஒன்று. லட்சக்கணக்கில் விற்கிற சீட்டில் பத்து என்பது கடலில் கரைத்த பெருங்காயம்தான், தெரியும்.

ஆசையைக் கிளப்பிவிட்டது பரப்பனங்காடி அக்காமார்தான். 2023இல் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் 11 பேர் சேர்ந்து 250 ரூபாய்க்கு ஒரே சீட்டு வாங்கி, மழைக்கால பம்பரில் 10 கோடி அடித்தார்கள். அதில் இருவர் ஆளுக்குப் பன்னிரண்டரை ரூபாய் போட்டு ஒரு பங்கைப் பிரித்துக்கொண்டவர்கள்!

என் பயம் வேறு. போன வருஷம் ஐந்து பேர் சேர்ந்து வாங்கினோம். 5,000 விழுந்தது. சீட்டை வைத்திருந்தவர், "இது நான் தனியாக வாங்கினது" என்றுவிட்டார். நம்பரை யாரும் குறித்து வைக்கவில்லை. ஐயாயிரத்துக்கே இப்படி.

சீட்டின் பின்னால் ஒருவர் பெயரும் கையெழுத்தும் போடத்தான் இடம் இருக்கிறது. முத்திரைத்தாளில் பத்துப் பேர் பெயரையும் சீட்டு நம்பர்களையும் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதுமா? வாட்ஸப்பில் சீட்டின் போட்டோ செல்லுமா? பரிசு வாங்கப் பத்துப் பேரும் திருவனந்தபுரம் போகணுமா? வரியை ஒருவர் பேரிலேயே பிடிப்பார்களா?

கூட்டாக வாங்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள். "லாட்டரியே வேண்டாம்" என்ற அறிவுரை வீட்டில் தினமும் கிடைக்கிறது.