பிளாக் பளபளத்தது, பேரிங் போனது

முதல் முறை எஞ்சினின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தை, கழற்றியபோது எனக்கு அவசரம். ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட், பிளாக்கை விட்டு வரவே மாட்டேன் என்றது. அரை மணி நேரம் சுரண்டிப் பார்த்தேன். பொறுமை போய், ட்ரில்லில் தேய்க்கும் டிஸ்க்கை மாட்டி ஓட்டினேன். பத்து நிமிடத்தில் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. சிலிண்டருக்குள் விழுந்த தூசியைத் துணியால் துடைத்தேன். ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துளை திறந்தே கிடந்ததைக் கவனிக்கவில்லை.

சில நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். எஞ்சின் சூடானதும் ஐடிலில் ஆயில் விளக்கு மினுங்கியது. அப்புறம் அடியிலிருந்து தட்டும் சத்தம். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினால் சாம்பல் நிறத்தில் நறநறவென்று ஒரு படிவு. பேரிங்குகளின் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. அந்த டிஸ்க்கிலிருந்து உதிர்வது அலுமினியம் ஆக்ஸைடு. பேரிங் உலோகம் அதன் முன்னால் வெண்ணெய். ஜெனரல் மோட்டார்ஸ் இந்த டிஸ்க்குகளைப் பற்றித் தன் மெக்கானிக்குகளுக்குத் தனி எச்சரிக்கையே விட்டிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த எஞ்சினில் ஆயில் துளை, கூலண்ட் துளை, சிலிண்டர் எல்லாவற்றையும் முதலில் அடைத்தேன். கேஸ்கெட் ரிமூவர் தடவி ஊறவிட்டேன். அலுமினிய பிளாக், அதனால் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர் மட்டும்தான். சிலிண்டர் ஓரத்திலிருந்து கூலண்ட் துளை வரை ஒரு கீறல் விழுந்தாலே போதும், கசிவுக்கு வழி கிடைத்துவிடும். பழைய கேஸ்கெட்டின் கறை மட்டும் நிழல் போல நின்றது. நகத்தை ஓட்டினேன், தட்டவில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஸ்ட்ரெய்ட் எட்ஜை (துல்லியமாக நேரான இரும்புப் பட்டை) நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தேன். மேடுபள்ளத்துக்கு மேனுவல் கொடுத்த வரம்பு 0.05 மி.மீ. அதே அளவு ஃபீலர் இலை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே தாராளமாக நுழைந்தது. கண்ணுக்கு அந்த இடமும் நேராகத்தான் தெரிந்தது! எமரி தாளைக் கையில் எடுக்காமல் பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பினேன். போடப்போவது பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் என்று முன்கூட்டியே சொன்னேன். பழைய ஃபைபர் வகை கொஞ்சம் சொரசொரப்பைத் தாங்கும், இது தாங்காது.

—

அண்ணா, போல்ட் துளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பிளாக்கின் மேல் முகத்தை அவ்வளவு கவனமாகச் செய்துவிட்டு, அடி மூடிய ஒரு துளையில் கூலண்ட் தேங்கி நின்றதைப் பார்க்காமல் விட்டேன். போல்ட் இறங்க இறங்கத் தண்ணீருக்குப் போக இடமில்லை, அமுங்கவும் அமுங்காது. துளையின் பக்கச் சுவரில் விரிசல் விட்டது. முறுக்க வேண்டிய அளவு வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்சோ முன்னதாகவே 'க்ளிக்' என்று ஏமாற்றியது. இப்போது ஒவ்வொரு துளையிலும் மரையைச் சுத்தம் செய்யும் த்ரெட் சேஸர் ஓட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடிக்கிறேன். மரை போடும் டேப்பை உபயோகிப்பதில்லை, அது இருக்கும் மரையையே வெட்டிவிடும்.

—

ரொம்ப முக்கியமானதைச் சொன்னீர்கள் தம்பி. காற்றடித்த பிறகு பிளாக்கின் முகத்தை இன்னொரு தடவை துடையுங்கள், துளையிலிருந்து தெறித்தது அங்கேதான் விழும். நான் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் கறை வராத வரை துடைக்கிறேன். அதற்கப்புறம் விரல்கூட வைப்பதில்லை.