குழந்தையின் ஆஸ்துமாவுக்குக் கைப்பேசிச் செயலி உதவுமா?

கேள்வி (மன்னார்குடி அருகே): குறுவை அறுவடையில் வைக்கோல் தூசி பறக்கும் நாள்களில் என் 7 வயது மகளுக்கு இரவில் இருமலும் இழுப்பும் வருகின்றன. மாமியாரும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வதால், காலை மருந்து கொடுத்தோமா என்பதே குழம்பிவிடுகிறது. செயலி பயன்படுமா?

பதில் (செவிலியர், திருவாரூர்): பயன்படும் அம்மா. தடுப்பு மருந்தான புடசோனைடை நினைவூட்டவும், இருமிய இரவுகளையும் இழுப்பை உடனே தணிக்கும் சால்புடமால் கொடுத்த தடவைகளையும் குறித்துவைக்கவும் அது உதவும். மருந்தின் அளவை முடிவுசெய்ய மருத்துவருக்கு அந்தக் குறிப்பு மிகவும் தேவை. ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) மூச்சிழுக்கும் முறையை மட்டும் நேரிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

பதில் (கும்பகோணம்): இணையமின்றி இயங்கும் தமிழ்ச் செயலியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் பாட்டி தொடமாட்டார். நாங்கள் முதலில் தினசரி நாட்காட்டித் தாளில்தான் கோடு போட்டுவந்தோம்.

செவிலியர்: பேச முடியாத அளவு திணறினால் செயலியைத் திறக்காதீர்கள், சால்புடமால் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.