வாழை வச்சவனுக்கா, பட்டா வச்சிருக்கவருக்கா வெள்ள நிவாரணம்?

சேரன்மாதேவி வாழைக்காரன்:
2023 டிசம்பர் 17, 18 மழையில என் ரெண்டு ஏக்கர் ஏத்தன் வாழை மொத்தமும் போச்சு. நிலம் பாட்டத்துக்கு, அதான் குத்தகைக்கு எடுத்தது. நிவாரணப் பணம் ஏறுனது நிலத்துக்காரர் கணக்குல. அவரு வெளியூர்ல இருக்காரு, வாழைய வந்துகூட பாக்கல. அடுத்த வெள்ளம் வரதுக்கு முன்னாடி இதைப் பேசித் தீக்கணும்.

நெல்லைப் பட்டாதாரர்:
தம்பி, நானும் நிலத்துக்காரன்தான். தீர்வை கட்டுதது நான். வாய்ப்பேச்சுப் பாட்டத்தை நம்பிப் பணம் கொடுத்தா ஒரே வயலுக்கு மூணு பேர் வந்து நிப்பாங்க. குத்தகைதாரர் பேரைப் பதிய 1969லயே சட்டம் வந்தாச்சு. பதியாம விட்டுட்டு இப்ப கேட்டா எப்படி?

சேரன்மாதேவி வாழைக்காரன்:
பதிவுன்னு வாயைத் திறந்தா மறுவருஷம் நிலம் கிடைக்காது அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாததா?

தண்ணி வடிய நாலு நாள் ஆச்சு. சாயாம நின்ன மரத்தையும் தொட்டுப் பாத்தேன், அடித்தண்டு கொழகொழன்னு கையோட வந்துட்டு. குலையில காய் சுண்டுவிரல் தடிமன்தான். சந்தைக்கும் ஆகல, மாட்டுக்கு வெட்டிப் போட்டேன்.

அந்த 2023 வெள்ளத்துக்கு, 33 சதவீதத்துக்கு மேல சேதம்னா பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபான்னு கொடுத்தாங்க. ஏக்கருக்கு 6,900கூட வராது. ஆயிரம் மரம்னு வச்சா மரத்துக்கு ஏழு ரூபா தேறாது. முட்டுக்கம்பு ஒண்ணு அதைவிடக் கூட. அந்த ஏழு ரூபாயும் கன்னு வாங்கி, உரம் போட்டு, தண்ணி கட்டுனவனுக்கு இல்லன்னா எப்படி?

ஆத்தங்கரை மரமில்:
வாழைக்காவது ஒரு கணக்கு இருக்கு. என் அறுவை மில்லுல கிடந்த தேக்கு, வேம்புத் தடியெல்லாம் ஆத்தோட போச்சு. அதுக்குக் குறைஞ்ச வட்டிக் கடன்னாங்க. கடன்ல நிக்கவனுக்கு இன்னொரு கடன் நிவாரணமா? மில்லை நம்பி எட்டு வீட்டுல உலை வைக்காங்க.

கல்லிடைக்குறிச்சி வயக்காட்டுக்காரி:
அண்ணே, உங்க நட்டத்தை நான் இல்லைங்கல. ஆனா உங்க சரக்குக்குப் பில் உண்டு, இன்சூரன்ஸ் போட வழி உண்டு. எங்க வீட்டுக்காரர் நகையை அடகு வச்சு நட்ட கன்னுக்கு எந்தப் பில்லைக் காட்ட? வியாபாரத்துக்குத் தனியா கேளுங்க, நாங்களும் கூட நிக்கோம். பயிர்ப் பணத்துல பங்கு கேக்காதீங்க.

ஆத்தங்கரை மரமில்:
பங்கு கேக்கல தங்கச்சி. கடனாக் கொடுக்காம நட்டத்தைப் பாத்துக் கொடுங்கன்னுதான் கேக்குதேன். மில் நின்ன மூணு வாரமும் அந்த எட்டுப் பேருக்கும் கூலி கிடையாது. அவங்க பேரு எந்தக் கணக்குலயும் வரல.

நெல்லைப் பட்டாதாரர்:
வாழை விஷயத்துக்கு வாரேன். வருசா வருசம் விஏஓ வயல்ல இறங்கி, சாகுபடி பண்ணுதது யாரோ அவரு பேரை அடங்கல்ல, அதான் ஊர்ப் பயிர்க் கணக்குல எழுதட்டும். என் நிலத்துல நான் தடுக்க மாட்டேன். அதைக் காட்டி நாளைக்கு நிலத்துல உரிமை கொண்டாடக் கூடாது. எங்க பயமே அதுதான். எங்க அப்பா காலத்துல ஒரு வயல் அப்படித்தான் கோர்ட்டுக்குப் போய் இருபது வருசம் கிடந்துச்சு.

சேரன்மாதேவி வாழைக்காரன்:
நிலம் உங்களுது அண்ணாச்சி, அதுல மாத்தமே இல்ல. அந்த ஒரு போகத்து வாழை மட்டும் என்னுது. நீங்க இப்பச் சொன்னதை எங்க நிலத்துக்காரர் வாயால கேக்கணும். கன்னு நடுததுக்கு முன்னாடி அவருக்குப் போன் போடப் போறேன். நீங்க எழுதுனதை அப்படியே வாசிச்சுக் காட்டட்டுமா?

நெல்லைப் பட்டாதாரர்:
காட்டு தம்பி. கோர்ட்டு விஷயத்தையும் சேர்த்து வாசி.