இரண்டு நாளாகியும் விக்கல் நிற்கவில்லையா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அப்பாவுக்கு வயது எழுபதுக்கு மேல். ஒரு நாள் மதியம் ஆரம்பித்த விக்கல் ராத்திரி தூக்கத்திலும் விடவில்லை. மூச்சை அடக்கிப் பார்த்தார், மடமடவென்று தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும். பேச்சு பாதியில் அறுந்துபோகும். ஒரு வாய் சாப்பிட்டால் அடுத்த விக்கலில் எதுக்களித்துவிடும்.

மூன்றாம் நாள் காலை டாக்டரிடம் கூட்டிப்போனோம். விக்கலைப் பற்றிக் கேட்டதைவிட அவர் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். பிரஷருக்குப் புதிதாகச் சேர்த்திருந்த, சிறுநீரை அதிகம் பிரிக்கும் மாத்திரையை மட்டும் தனியே எடுத்து வைத்தார். ரத்தப் பரிசோதனையில் சோடியம் என்கிற உப்புச்சத்து 118. அந்த மாத்திரைதான் அதை இறக்கியிருக்கிறது. குறைந்தது 135 இருக்க வேண்டுமாம். உடனே அட்மிட். சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்றார்கள். அது ஏற ஏற விக்கலும் அடங்கிவிட்டது.

48 மணி நேரத்தைத் தாண்டிய விக்கலுக்குக் காரணம் தேடியே ஆகவேண்டும் என்று அந்த டாக்டர் சொன்னார். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்ததா? என்ன காரணம் என்றார்கள்?

---

என் கணவருக்குக் கீமோ கொடுத்த ஒவ்வொரு தடவையும் வந்தது. மருந்துதான் ஒத்துக்கல போலன்னு நினைச்சோம். வாந்தி வராம இருக்கக் கூடவே போடுற டெக்ஸாமெத்தசோன் ஊசியாலயும் வரும்னு டாக்டர் சொன்னார், அதுவும் ஆம்பளைங்களுக்குத்தான் அதிகமாம். அடுத்த தடவை வேற ஸ்டீராய்டுக்கு மாத்தினாங்க, விக்கல் வரல. நாமளா எதையும் நிறுத்தக் கூடாது, சொன்னா அவங்களே மாத்திக் கொடுப்பாங்க.

---

நம்பமாட்டீர்கள், எனக்குக் காரணம் காது! உள்ளே ஒரு முடி செவிப்பறையைத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. எடுத்ததும் நின்றுவிட்டது.

---

நர்ஸாக இருக்கிறேன். காது கதை உண்மைதான், அபூர்வம், ஆனால் நடக்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை தன்னிச்சையாகச் சுருங்க, அதே வேகத்தில் குரல்வளை மூடிக்கொள்வதுதான் விக்கல். அதை இயக்கும் நரம்புகள் மூளையின் அடிப்பகுதி, கழுத்து, நெஞ்சு, வயிறு என்று ஓடுகின்றன. வழியில் எங்கே உறுத்தினாலும் விக்கல் கிளம்பும். நாங்கள் அதிகம் பார்ப்பது வயிற்று அமிலம் மேலேறுபவர்களை, பிறகு சிறுநீரகம் பழுதானவர்களை.

48 மணி நேரக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. விக்கலோடு தலைசுற்றல், தள்ளாட்டம், முகத்தில் மரத்துப்போதல், வாய் குழறல், விழுங்க முடியாமை இதில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம், அந்த நிமிடமே கிளம்புங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ரத்த வாந்திக்கும் அப்படித்தான்.

இன்னொன்று, டாக்டர் குளோர்ப்ரோமசின் எழுதினால், மனநோய்க்கான மாத்திரையாச்சே என்று பலர் வாங்காமலே திரும்பிவிடுகிறார்கள். விக்கலுக்கும் அதைத் தருவது பழைய வழக்கம். தூக்கம் வரும், எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கும், வயதானவர்களைக் கையைப் பிடித்து எழுப்புங்கள். அதற்குப் பதிலாக பேக்லோஃபென் தந்தால், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு அந்த மருந்து உடம்பிலேயே தங்கி மனக்குழப்பம் உண்டாக்கும்.

---

இதற்கே இப்படியென்றால், அமெரிக்காவில் சார்லஸ் ஆஸ்போர்ன் என்பவருக்கு 1922இல் தொடங்கிய விக்கல் 1990இல்தான் நின்றதாம். 68 வருடம்! மனுஷன் எப்படித் தூங்கினாரோ.

---

முதலில் எழுதியவருக்கு: அப்பாவுக்கு அந்த மாத்திரையை மறுபடி கொடுக்கிறார்களா?

---

இல்லை, வேறு வகைக்கு மாற்றிவிட்டார்கள். சோடியம் மட்டும் அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.