முதல் தடவை ரிவ்யூ பண்றேன், அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். பிஎச்டி முடிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது, இப்ப ஒரு ஜர்னல்ல இருந்து தண்ணி ஆய்வு பேப்பர் ஒண்ணு ரிவ்யூவுக்கு (வெளியிடறதுக்கு முன்னாடி படிச்சு சரியா இருக்கான்னு சொல்றதுக்கு) வந்திருக்கு, நானும் ஒத்துக்கிட்டேன். பேப்பர் யாரோடது, எந்த ஊருன்னு இங்க சொல்லக்கூடாது, அதனால பொதுவா கேக்குறேன்.

மெத்தட்ஸ்ல சாம்பிள் எந்த மாசம் எடுத்தாங்கன்னே இல்ல, மழைக்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரியாம அந்த ரீடிங்கை வச்சு என்ன முடிவுக்கு வர்றது? கிராஃப்ல எரர் பார் (ரீடிங் எவ்ளோ கூடக் குறைய இருக்கலாம்னு காட்டுற கோடு) இருக்கு, அது எதைக் குறிக்குதுன்னு எங்கயும் போடல. ரா டேட்டா கேட்டா தப்பா எடுத்துப்பாங்களா? 2020ல லான்செட்ங்கிற மருத்துவ ஜர்னல்ல, கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து கொடுக்குறதைப் பத்தி வந்த பேப்பர் ஞாபகம் இருக்கும், 96,000 பேஷண்ட் டேட்டான்னு சொன்னாங்க, கடைசில அந்த டேட்டாவையே சரிபாக்க முடியலன்னு ரெண்டே வாரத்துல வாபஸ் வாங்கினாங்க, அதுக்குள்ள உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்து ட்ரையலையே நிறுத்தி வச்சிருந்துச்சு. அதுவும் ரிவ்யூ தாண்டி வந்ததுதான், அதான் எனக்கு பயமா இருக்கு.

ஆனா ஐடியா நல்ல ஐடியா, உழைப்பு தெரியுது, ரிஜெக்ட்னு போட மனசு வரல. இந்த மாதிரி இருந்தா மேஜர் ரிவிஷன் (நல்லா திருத்தி மறுபடி அனுப்பச் சொல்றது) போடலாமா? இங்கிலீஷ் தப்பையெல்லாம் சொல்லணுமா இல்ல எடிட்டர் பாத்துப்பாரா? எடிட்டருக்கு மட்டும்னு தனியா ஒரு பாக்ஸ் இருக்கே, அதுல என்ன எழுதுவீங்க? நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்ல பேப்பரோட சேத்துப் போடுற ரிவ்யூவர் ரிப்போர்ட் சிலது படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா நம்ம மாதிரி சின்ன ஜர்னலுக்கு அவ்ளோ நீளமா எழுதணுமான்னு தெரியல. ரிவ்யூ பண்ணிப் பழகினவங்க கமெண்ட்ல சொல்லுங்க ப்ளீஸ், அடுத்த வாரம் அனுப்பணும்.